ஒழுகுற வேனுக்கு ரப்பர் பீடிங் மாத்துவது எப்படி? (நான் தப்பா செஞ்ச கதையோட)

கேரவன்னு சொன்னதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏறி உட்கார்ற ஏசி வண்டிதான் ஞாபகம் வரும். ஐரோப்பாவில் கேரவன் என்பது காருக்குப் பின்னாடி கொக்கி போட்டு இழுத்துட்டுப் போற சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, சிங்க் எல்லாம் உள்ளேயே இருக்கும். நம்ம நாகப்பட்டினத்தில் அதுக்குப் பக்கத்துல வர்ற ஒரு வண்டி இருக்குன்னா அது டூர் வேன்தான். வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு, தரங்கம்பாடின்னு ஒரே ரவுண்டில் சுத்திக் காட்டுற வேன். ராத்திரி அதுலயே தூங்குவாங்க, பின்கதவைத் திறந்து வச்சு புளியோதரை பிரிப்பாங்க, ஜன்னல்ல ஈரத்துண்டு காயும். இந்த எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரு வியாதி இருக்கு. ஓரத்துல இருக்குற ரப்பர் கெட்டுப்போனா உள்ள தண்ணி வரும்.

எங்க சித்தப்பா ஓட்டுறது அப்படி ஒரு வேன்தான். நான் செகண்ட் இயர் படிக்கும்போது ஐப்பசி மழையில் பின்கதவு ஓரமா ஒழுக ஆரம்பிச்சது. "நான் மெக்கானிக்கல் ஸ்டூடண்ட், நான் பாத்துக்குறேன் சித்தப்பா"ன்னு சொல்லி ஹார்டுவேர் கடையில ஒரு சிலிக்கான் டியூப் வாங்கினேன். எங்கெல்லாம் இடைவெளி, ஓட்டை தெரிஞ்சதோ அங்கெல்லாம் அடைச்சேன். ஒழுகல் நின்னுச்சு. வீட்டுல ஒரே பாராட்டு.

அடுத்த வருஷம் வேளாங்கண்ணி திருவிழா சமயம். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, இறங்குறதுக்காக கடைசி வரிசை சீட்டைப் பிடிச்சு எழுந்தாங்க. சீட் அப்படியே சாய்ஞ்சது. வண்டி நின்னுட்டு இருந்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல. சித்தப்பா கீழ குனிஞ்சு பாத்தப்ப சீட் போல்ட், அதைச் சுத்தி இருந்த தகரத்தோட, கையில வந்துடுச்சு. அடியில துரு, பிஸ்கட் மாதிரி உதிருது. அவர் என்னைத் திட்டவே இல்ல. அதுதான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

பட்டறையில டிங்கர் அண்ணன் என் சிலிக்கானை உரிச்சுக் காட்டினப்பதான் நான் செஞ்சது என்னன்னு புரிஞ்சது. அதுக்கப்புறம் படிச்சதையும், அவர்கிட்ட கத்துக்கிட்டதையும், திரும்பவும் நானே மாத்தினப்ப தெரிஞ்சதையும் இங்க எழுதுறேன். (வெதர்ஸ்ட்ரிப்புக்கு நல்ல தமிழ்ச் சொல் தேடினேன். பட்டறையில எல்லாரும் பீடிங்னுதான் சொல்றாங்க, நானும் அப்படியே சொல்றேன்.)

சீல் எப்படி வேலை செய்யுது?

நான் நினைச்சது இதுதான்: ரப்பர் ஒரு அடைப்பு, கிழிஞ்சா ஒழுகும், கிழியலைன்னா ஒழுகாது. இது பாதிதான் சரி. கதவை மூடும்போது பீடிங் நசுங்குது. நசுங்கின ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பணும்னு கதவைத் திருப்பித் தள்ளுது. அந்தத் தள்ளல்தான் சீல். கிழியாம, முழுசா, பளபளன்னு இருக்குற பீடிங்கும் தள்ளுறதை நிறுத்திட்டா சீல் போச்சு.

இதுக்கு நம்ம சிலபஸ்ல ஒரு பேர் இருக்கு, கம்ப்ரெஷன் செட். சோதனை ரொம்ப எளிமை. ஒரு ரப்பர் துண்டைக் குறிப்பிட்ட அளவுக்கு நசுக்கி, சூடான இடத்துல வச்சு, பிறகு விட்டுட்டு எவ்வளவு திரும்பி வந்ததுன்னு அளக்கணும். ஏ.எஸ்.டி.எம். டி395 முறையில் வழக்கமா 25 சதவீதம் நசுக்கி 70 டிகிரி செல்சியஸ்ல 22 மணி நேரம் வைப்பாங்க. உதாரணத்துக்கு 12 மி.மீ. துண்டை 9 மி.மீ.க்கு நசுக்கினோம்னு வச்சுக்கோங்க. விட்ட பிறகு அது 10.5 மி.மீ.தான் வந்துச்சுன்னா, நசுங்கின 3 மி.மீ.யில் பாதி திரும்பவே இல்ல. கம்ப்ரெஷன் செட் 50 சதவீதம். சித்தப்பா வேனோட பழைய பீடிங்கை, கதவு படாத மூலையில் ஒரு தடவையும், கதவு அழுத்துற இடத்துல ஒரு தடவையும் வெர்னியர்ல அளந்தேன். கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்த ரெண்டு இடத்துக்கும் கிட்டத்தட்ட 4 மி.மீ. வித்தியாசம்.

இதே விஷயத்துக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச, ரொம்ப சோகமான ஒரு உதாரணம் இருக்கு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பின 73 விநாடியில் சிதறி, 7 பேரும் இறந்துட்டாங்க. காரணம், பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் ஓ-ரிங். அன்னிக்குக் காலையில கடுமையான குளிர். விசாரணையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் அந்த ரப்பர் துண்டை ஒரு சின்ன கிளாம்ப்ல நசுக்கி, ஐஸ் தண்ணிக்குள்ள போட்டு எடுத்துக் காட்டினார். கிளாம்பைக் கழட்டியும் ரப்பர் உடனே திரும்பி வரல. அங்க குளிர் செஞ்சதை இங்க நம்ம ஊர்ல வெயிலும் வருஷங்களும் மெதுவா செய்யுது. குளிர்ல விறைச்ச ரப்பர் சூடானா சரியாகிடும். வெயில்ல செத்தது திரும்பாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெடிப்பு எங்கிருந்து வருது?

கன்னியாகுமரி மாவட்டத்துல மரத்திலிருந்து பால் எடுக்குறாங்களே, அந்த இயற்கை ரப்பரின் மூலக்கூறு சங்கிலியில் வழி முழுக்க கார்பன் இரட்டைப் பிணைப்புகள் இருக்கு. காத்துல இருக்குற ஓசோன் சரியா அந்த இடத்தைத்தான் கடிக்கும். ஓசோன் ரொம்ப இருக்கணும்னு இல்ல. தரை மட்டத்துல நூறு கோடியில் சில பத்து பங்கு இருந்தாலே போதும். ஆனா ஒரு நிபந்தனை, ரப்பர் இழுபட்டு இருக்கணும். இழுபட்ட பக்கத்துக்குக் குறுக்காதான் வெடிப்பு விழும். உங்க வீட்டு பழைய சைக்கிள் டயரை வளைச்சுப் பாருங்க, தெரியும். பீடிங்ல மூலைகள் முதல்ல வெடிக்குறதும் இதனாலதான், அங்கதான் வளைஞ்சு இழுபட்டு நிக்குது.

வண்டிக்கு வர்ற நல்ல பீடிங் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். எத்திலீன், புரொப்பிலீன், கூட கொஞ்சம் டையீன். இதோட முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. சல்ஃபர் கோர்க்கத் தேவையான இரட்டைப் பிணைப்பு பக்கவாட்டுல தொங்கிட்டு இருக்கும். ஓசோன் அதைக் கடிச்சாலும் முதுகெலும்பு அறுபடாது. எனக்கு பாலிமர் பாடத்துலயே ரொம்ப பிடிச்ச ஐடியா இதுதான்.

ஆனா இ.பி.டி.எம்.முக்கு ஒரு பெரிய பலவீனம், பெட்ரோலிய எண்ணெய். பட்டபட்டு உப்பி மெத்துனு ஆகிடும். வாட்டர் வாஷ் முடிச்சு "கருப்பா மின்னணும்"னு டீசல் நனைச்ச துணியால பீடிங்கைத் துடைக்குற பழக்கம் பல இடத்துல இருக்கு. ஒரு நாள் மின்னும். அதோட விலை அப்புறம்தான் தெரியும். சித்தப்பாகிட்ட நான் முதல்ல நிறுத்தச் சொன்னது இதைத்தான். சோப்பு தண்ணி போதும், வேணும்னா சிலிக்கான் கிரீஸ்.

மூணாவது ஒண்ணு, கடற்கரைக்காரங்களுக்கான ஸ்பெஷல். கதவு ஓரத் தகரத்துல கவ்வி நிக்குற பீடிங்குக்குள்ள மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும். அதோட பிடிதான் பீடிங்கை நிறுத்தி வைக்குது. வெட்டின முனை வழியா உப்புக் காத்தும் ஈரமும் உள்ள போய் அந்த இரும்பு துருப்பிடிக்கும். துரு பிடிச்ச இரும்பு உப்பும், பிடி விடும், பீடிங் தொங்கும். வெளியில ரப்பர் நல்லாதான் இருக்கும்! அதனால வெட்டின முனையில ரப்பர் சொல்யூஷன் தடவி அடைங்க. பஞ்சர் கடையில கிடைக்குறதே போதும்.

முதல்ல எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிங்க

தண்ணி சொட்டுற இடம் வேற, உள்ள நுழையுற இடம் வேற. கூரையில நுழைஞ்ச தண்ணி ஒயர் கட்டு மேலேயே ஓடிவந்து டிரைவர் காலடியில சொட்டின கதையெல்லாம் உண்டு. பீடிங் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இதுக்குச் செலவு பண்ணுங்க.

ஒருத்தர் டார்ச்சோட உள்ள உட்காரணும். இன்னொருத்தர் வெளியிலிருந்து ஹோஸ்ல மெதுவா தண்ணி விடணும். கீழிருந்து மேலே போகணும், இது முக்கியம். மேலேயிருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்தையும் நனைச்சுட்டு வரும், எது குற்றவாளின்னே தெரியாது. பிரஷர் வாஷர் வேண்டாம். அது நல்ல சீலையும் தாண்டி உள்ள போயிடும்.

சந்தேகமான இடத்துல ஒரு பேப்பர் துண்டை வச்சு கதவை மூடி இழுத்துப் பாருங்க. பிடிச்சு நின்னா சீல் தள்ளுது, வழுக்கிட்டு வந்தா செத்துப்போச்சு. இன்னும் நல்ல வழி: பீடிங் மேல டால்கம் பவுடர் தடவி, கதவை மூடித் திறங்க. எதிர்ப்பக்கம் வெள்ளைக் கோடு எங்க விட்டுப்போயிருக்கோ, அங்கதான் இடைவெளி. எங்க வேன்ல கோடு பின்கதவோட மேல் வலது மூலையில ஒரு சாண் நீளத்துக்குக் காணோம். நான் ரெண்டு வருஷம் முன்னாடி சிலிக்கான் அடைச்சதெல்லாம் கீழ!

என் தப்பு என்னன்னா

நாம கடைமடைக்காரங்க. காவிரித் தண்ணி கடைசியா வர்ற ஊர். வயலுக்குத் தண்ணி வர்றது மட்டும் போதாது, மழைத் தண்ணி வடியவும் வழி வேணும்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். வடிகால் அடைச்சா பயிர் அழுகிடும். அதே ஊர்ல பிறந்துட்டு நான் வண்டியோட வடிகாலை அடைச்சேன்.

வண்டிக் கதவோ ஜன்னலோ தண்ணியை முழுசா வெளியிலேயே நிறுத்துற மாதிரி செய்யப்படல. ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர் தண்ணியை வழிச்சு விடும், ஆனா கொஞ்சம் உள்ள இறங்கத்தான் செய்யும். இறங்கினது கதவுக்குள்ளேயே ஓடி, அடியில இருக்குற சின்ன ஓட்டைகள் வழியா ரோட்டுக்குப் போயிடும். தள்ளுற ஜன்னலோட கீழ் சேனலிலும் வெளிப்பக்கமா சின்னப் பிளவுகள் இருக்கும். பின்கதவு அடியிலும் உண்டு. நான் "ஓட்டை"ன்னு நினைச்சு அடைச்சது எல்லாம் அதுதான். உள்ள போன தண்ணிக்கு வெளிய வழியில்ல. கதவு அடியில தேங்கி, நிரம்பி, தரை விரிப்புக்கு அடியில பரவி, ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்திருக்கு. மேல ரெக்சின் விரிப்பு காய்ஞ்சு இருந்ததால யாருக்கும் தெரியல.

இதுக்கு மேல இன்னொரு தப்பு. நான் வாங்கின சிலிக்கான் வினிகர் வாசனை அடிக்குற ரகம். அது காயும்போது அசெட்டிக் அமிலம் வெளிவிடும். பெயிண்ட் போன இரும்பு மேல அமிலம்! அது பாத்ரூம் டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் சரி, வண்டி பாடிக்கு வேண்டாம். தேவைப்பட்டா நியூட்ரல் க்யூர்னு போட்டிருக்குற சிலிக்கான், இல்லைன்னா பாலியூரித்தேன் சீலண்ட். அதோட, சிலிக்கான் பட்ட இடத்துல பிறகு பெயிண்ட் ஒட்டாது. டிங்கர் அண்ணன் அதைச் சுரண்டிட்டே என்னைப் பாத்த பார்வை இருக்கே... "பாப்பா, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"ன்னு சிரிச்சாரு.

சீட் இருந்த தரையை அவர்தான் வெட்டி, புதுத் தகரம் வெல்டிங் பண்ணி, போல்ட்டுக்கு அடியில தடிமனான பிளேட் வச்சுக் கொடுத்தார். அது நாம வீட்டுல செய்யுற வேலை இல்ல. பிரேக் போடும்போது சீட்டையும் அதுல உட்கார்ந்திருக்குறவங்களையும் பிடிச்சு நிறுத்துறது அந்த நாலு போல்ட்தான்.

என்ன வாங்கணும்?

"வேனுக்கு பீடிங் கொடுங்க"ன்னு கேட்டா கடையில ஏதோ ஒண்ணு கொடுப்பாங்க. பழைய பீடிங்கில் ஒரு விரல் நீளம் வெட்டி கையில எடுத்துட்டுப் போங்க. பாக்க வேண்டியது மூணு: கவ்வுற வாய் எத்தனை மி.மீ. தகரத்துக்கு, ஊதின குழாய்ப் பகுதி மேல இருக்கா பக்கத்துல இருக்கா, அதோட உயரம்.

உயரம்தான் சிக்கல். பழையது நசுங்கிப் போச்சு, அதை அளந்து பிரயோஜனம் இல்ல. அதுக்கு நான் செஞ்ச வழி: சப்பாத்தி மாவை சின்ன உருண்டையா உருட்டி, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, பீடிங் கழட்டின தகர ஓரத்துல அஞ்சாறு இடத்துல ஒட்டி, கதவை மூடித் திறந்தேன். நசுங்கின மாவோட தடிமன்தான் உண்மையான இடைவெளி. எங்களுக்கு 9 மி.மீ. வந்துச்சு. குழாய் மூணுல ஒரு பங்கு நசுங்கட்டும்னு கணக்குப் போட்டு 13 மி.மீ. வாங்கினேன். "எதுக்கும் பெருசா வாங்கிடலாம்"னு ஆசை வரும், வாங்காதீங்க. கதவை ஓங்கி அடிச்சு மூட வேண்டி வரும், கீலும் லாக்கும் சீக்கிரம் போயிடும், அதிகமா நசுங்குற ரப்பர் சீக்கிரம் செத்தும் போகும்.

கடையில விலை கம்மியா பி.வி.சி. பீடிங்கும் இருக்கும், பாக்க ஒரே மாதிரிதான். பி.வி.சி.யை மென்மையா வைக்குற பிளாஸ்டிசைசர் வெயில்ல மெதுவா வெளியேறிடும். பிறகு விறைச்சு, நீளமும் சுருங்கும். ஐரோப்பிய கேரவன்ல மூலை அலுமினியப் பட்டைக்குள்ள ஸ்க்ரூவை மறைக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் ஓடும். அது சுருங்கி முனையில இடைவெளி விழுறதும், அது வழியா தண்ணி ஸ்க்ரூவுக்குப் போறதும் அங்க வழக்கமான பிரச்சினை. அதான் அங்க புதுசு போடும்போது கொஞ்சம் கூடுதல் நீளம் விட்டுப் போடுவாங்க.

வித்தியாசம் கண்டுபிடிக்க கெமிஸ்ட்ரி லேப் வேலை ஒண்ணு இருக்கு. செம்புக் கம்பியைச் சுடர்ல சிவக்கக் காய்ச்சி, பீடிங் மேல தொட்டு, திரும்ப சுடர்ல காட்டுங்க. பச்சைச் சுடர் வந்தா குளோரின் இருக்கு, அநேகமா பி.வி.சி. (நியோப்ரீன் ரப்பருக்கும் பச்சை வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.) திறந்த வெளியில செய்யுங்க, அந்தப் புகையை மூக்குல வாங்காதீங்க.

மாட்டுறது

பழசைக் கழட்டினதும் ஓரத் தகரத்தை நல்ல தண்ணியால கழுவுங்க. நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம். உப்பு மேல பெயிண்ட் அடிச்சா உப்பு அடியிலிருந்து ஈரத்தை இழுத்துட்டே இருக்கும். துரு இருந்தா வயர் பிரஷ், திரும்ப தண்ணி, நல்லா காய விடுறது, ப்ரைமர், பெயிண்ட். இதுக்கே ஒரு நாள் போயிடும், போகட்டும்.

பீடிங்கோட ஜாயிண்ட் கதவோட அடியில நடுவுல வர்ற மாதிரி ஆரம்பிங்க. மேல ஜாயிண்ட் வச்சா தண்ணிக்கு நீங்களே வாசல் திறந்து விடுறீங்க. கையாலேயே தள்ளித் தள்ளிப் போங்க, தேவைப்பட்டா ரப்பர் சுத்தியல். இழுத்து மாட்டாதீங்க! இழுத்து மாட்டினா நீளம் மிச்சமாகுற மாதிரி இருக்கும், ஆனா ஓசோன் கதை ஞாபகம் இருக்கா? இழுபட்ட ரப்பர் வெடிக்கும். பழைய நீளத்துக்குச் சுருங்கி ஜாயிண்டும் பிரியும். மூலையில இன்னும் கொஞ்சம் தாராளமா விடணும், இல்லைன்னா வளைவுல ஒட்டாம குறுக்கே பாலம் மாதிரி நிக்கும். கடைசியில 5 முதல் 10 மி.மீ. அதிகமா வெட்டி ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு முட்ட வைங்க.

குழாய்ப் பகுதியில அங்கங்க ஊசி ஓட்டை இருக்கும். அது நசுங்கும்போது உள்ளிருக்குற காத்து வெளிய போக. அதையும் அடைச்சிடாதீங்க (நான் இந்த முறை அடைக்கல). புது பீடிங்ல முதல் சில நாள் கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும். உடனே லாக்கைத் தளர்த்த வேண்டாம், படிஞ்சுடும்.

பக்கவாட்டுல ரப்பர் ஃப்ரேம்ல நிக்குற நிலைக் கண்ணாடி இருந்தா அதுக்குக் கயிறு வித்தை. ரப்பரைக் கண்ணாடியைச் சுத்தி மாட்டி, தகரம் உட்கார வேண்டிய பள்ளத்துல ஒரு நைலான் கயிறை முழுக்க ஓட்டி, ரெண்டு முனையும் கீழே உள்பக்கம் தொங்கணும். சோப்புத் தண்ணி தாராளமா. வெளியிலிருந்து ஒருத்தர் உள்ளங்கையால அழுத்திப் பிடிக்க, உள்ளிருந்து கயிறை மெதுவா இழுத்தா ரப்பரோட உதடு தகரத்தைத் தாண்டி அழகா உள்ள மடங்கி உட்காரும். முதல் தடவை அது மடங்குறதைப் பாக்குறது செம சந்தோஷம். புதுசா வர்ற வண்டிகள்ல முன்கண்ணாடி பாலியூரித்தேன் பசையில ஒட்டியிருக்கும், அது வண்டியோட பலத்துல ஒரு பங்கு. அதுல கை வைக்காதீங்க, அதுக்கான ஆட்கள்கிட்ட விடுங்க.

முடிச்சதும் எல்லா வடிகால் ஓட்டையிலும் ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பாத்தேன். அப்புறம் ஹோஸ் டெஸ்ட், திரும்பவும் கீழிருந்து மேலே. கதவு அடியிலிருந்து தண்ணி ரோட்டுல சொட்டுச்சு. சித்தப்பா "இன்னும் ஒழுகுதே"ன்னாரு. "அது ஒழுகணும் சித்தப்பா"ன்னேன்.

இந்த ஐப்பசியில பின்கதவு, ஜன்னல், தரை எல்லாம் காய்ஞ்சு இருக்கு. ஒரே ஒரு இடம் பாக்கி. கூரை கேரியர் போல்ட் ஒண்ணு வழியா நடு வரிசையில சொட்டு விழுது. அதுக்கு பீடிங் கிடையாது, போல்ட்டைக் கழட்டி அடியில பியூட்டைல் டேப் வைக்கணும். செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச சனிக்கிழமைன்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் அங்க ஒரு டிஃபன் பாக்ஸ் மூடியை வச்சிருக்கார்.